கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் மாற்றினேன்

செப்டம்பர் 28, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். கம்ப்யூட்டர் இன்றும் கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. சோஷியல் அசைன்மென்ட் பாதியில்.

அண்ணா படிக்கும்போது தானே சேர்த்துக் கட்டியது. சூடு தணிய விசிறி போதாதாம், தண்ணீர் ஓட வேண்டுமாம். ஊறுகாய் ஜாடியில் தண்ணீர், அதற்குள் மீன்தொட்டி மோட்டார், குழாய், பிராசஸர் மேல் ஒரு செப்புக் கட்டி, பழைய காரின் சின்ன ரேடியேட்டர். தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். இப்போது குழாய் முழுக்கப் பாசி. அண்ணாவோ கோயம்புத்தூரில் வேலையில்.

சாயங்காலம் போனில் சொன்னேன். "அண்ணா, கம்ப்யூட்டர் சாகக் கிடக்கு."

"நீ தொடாதே. திங்கக்கிழமை பிஜு வந்து எடுத்துண்டு போவான். அவனாவது ஒழுங்கா பாத்துப்பான்."

பிஜு அவன் சிநேகிதன், மலையாளி. அழுதேன் (பாதி நிஜம்). கடைசியில் அண்ணா இறங்கி வந்தான். நானே தண்ணீர் மாற்றலாம். திங்கள் அன்று பிஜு கண் முன்னால் ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் கம்ப்யூட்டர் எனக்கு. இல்லையென்றால் பிஜுவுக்கு.

செப்டம்பர் 29, வெள்ளி

அண்ணா சொன்னது:
– முதலில் பிளக்கைப் பிடுங்கு.
– பழைய தண்ணீரில் கார் கூலன்ட் இருக்கிறது. விஷம். செடிக்கும் கூடாது, சாக்கடைக்கும் கூடாது. பாட்டிலில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடு.
– குழாய்த் தண்ணீர் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.
– நிரப்பியதும் மோட்டாரை மட்டும் ஓடவிடு. குழாய் மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் வை. ஈரம் பட்டால் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதே.

பள்ளி விட்டதும் ஆரியசாலையில் பேட்டரிக் கடை, ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர். "இது ஆசிட் இல்லையே?" மூன்று தரம் கேட்டேன். கடைக்காரர் மலையாளத்தில் சிரித்தார்.

"மோளே, யூனிஃபார்ம் இட்ட குட்டிக்கு ஞான் ஆசிட் கொடுக்குமோ?"

செப்டம்பர் 30, சனி

பிளக் பிடுங்கியாச்சு. கம்ப்யூட்டர் மேஜை ஓரத்தில், கீழே வாளி. அடிக் குழாயைக் கழற்றினேன். வாளியில் பாதி, என் பாவாடையில் பாதி. கீரைத் தண்ணீர் நிறம். பாட்டிலில் அடைத்து, "விஷம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, மண்டை ஓடும் வரைந்தேன். மண்டை ஓடு சிரிக்கிற மாதிரி வந்துவிட்டது. அப்பா ஸ்கூட்டரில் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்.

இரண்டு தரம் அலசல். புதுத் தண்ணீர். மோட்டார் போட்டதும் ஒரே குமிழி. பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குழந்தைக்கு ஏப்பம் எடுப்பது போலத் தட்டினேன். காற்று போனது. டிஷ்யூ எல்லாம் உலர்ந்தே இருந்தது!!

சாயங்காலம் பூஜை வைப்பு, சரஸ்வதி பூஜைக்குப் புத்தகமும் கருவிகளும் அடுக்குவது. என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் தையல் மெஷின். "கம்ப்யூட்டரையும் வைடி, அதுவும் சரஸ்வதிதானே," என்றாள் அத்தை (அப்பாவின் அக்கா, எங்களோடு இருக்கிறாள்). பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். விஜயதசமி வரை யாரும் எதையும் தொடக் கூடாது.

அக்டோபர் 1, ஞாயிறு

எழுதக் கூடாத நாள். எழுதவில்லை. (இது கணக்கில் சேராது.)

அக்டோபர் 2, திங்கள்

விஜயதசமி. பூஜை எடுத்ததும் மோட்டார் போட்டேன். ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு தண்ணீர் நகரவில்லை. ஜாடிக்குள் பச்சையாக என்னவோ. துளசி!

"அத்தை, ஜாடியைத் திறந்தேளா?"

"கொஞ்சம் கங்கை ஜலம் விட்டேன். ரெண்டு துளசி கிள்ளிப் போட்டேன்."

அத்தையின் கங்கைச் சொம்பு! காசியிலிருந்து கொண்டுவந்து, தன் கடைசி நேரத்துக்கென்று சீல் உடைக்காமல் வைத்திருந்தது.

"நீதானேடி போன்ல சொன்னே, சாகக் கிடக்குன்னு? சாகக் கிடக்கறதுக்குக் கங்கை ஜலம் விடாம காப்பியா குடுப்பா?"



மறுபடி பிளக், வாளி, அடிக் குழாய். செப்புக் கட்டிக்குள் துளசித் துணுக்கு. அப்பா சைக்கிள் பம்பால் எதிர்ப்பக்கமிருந்து காற்றடித்தார். துணுக்கு பறந்து அவர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

வாளித் தண்ணீரை என்ன செய்வது? சாக்கடையில் விடக் கூடாது, தீர்த்தம் என்கிறாள் அத்தை. துளசி மாடத்தில் விடக் கூடாது, கூலன்ட் மிச்சம் இருக்கும், துளசி செத்துவிடும் என்கிறேன் நான்.

"பின்னே என்ன, உத்தரணிக் கரண்டி வெச்சுக் குடிக்கறதா?" என்றார் அப்பா.

டிஸ்டில்டு வாட்டர் கேனிலும் சொட்டு இல்லை. பேட்டரிக் கடை இன்று லீவு. காப்பி வடிகட்டி என்று ஆரம்பித்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாபஸ். அப்பாவின் புதுக் கைக்குட்டையில் வடிகட்டி அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினேன். அத்தைக்குத் திருப்தி.

அந்த நேரம் பார்த்து பிஜு, அட்டைப் பெட்டியும் கயிறுமாக.

"ஆன் பண்ணு மோளே. எனக்கு மேட்னிக்குப் போகணும்."

"டிஷ்யூ பார்க்காம மாட்டேன்."

"ஓ, பெரிய எஞ்சினியர்!"

சுண்டல் கொடுத்து உட்கார வைத்தேன். மோட்டார் மட்டும் ஓடியது. செப்புக் கட்டிக்குக் கீழே ஒரு டிஷ்யூவில் பொட்டளவு ஈரம். கழற்றிய இடம்தான். உடனே எல்லாம் நிறுத்தி, கிளிப்பை இறுக்கி, துடைத்து, புது டிஷ்யூ வைத்து மறுபடி காத்திருந்தோம். பிஜு வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டிஷ்யூவைப் பார்க்க ஆரம்பித்தான். மேட்னி போயே போச்சு.

உலர்ந்தே இருந்தது. ஆன். கால் மணி. அரை மணி. அத்தை வாசற்படியிலேயே நின்றாள். ஒரு மணி நேரம், அணையவே இல்லை!

பிஜுவே அண்ணாவைக் கூப்பிட்டான். "எடா, நாற்பத்தொரு டிகிரிதான். உன் காலத்தில்கூட இத்ர கூலா ஓடல்லே." காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

"சரி, உனக்கே வெச்சுக்கோ," என்றான் அண்ணா. "அது சரி, என்ன தண்ணி ஊத்தினே?"

ரிசீவரை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.