சீட்டுச் சுரண்டிய சீசா

கோடைக்கானல்
4-2-1961

அன்புள்ள ஞானவேலுக்கு,

பேசாமல் இருந்தது போதும். உன் தம்பிக்கு நிச்சயித்திருந்த என் தங்கை விசாலாட்சியை, "அவுக வீட்ல சயரோகம் கெடக்கு" என்று சொல்லி வேண்டாமென்றவன் நீ. பதினோரு வருஷமாகிறது. இன்னும் கல்யாணமாகாமல் எனக்குத்தான் சோறு வடிக்கிறாள்.

அதே நீ, இரண்டு வருஷமாக எங்கள் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வலிப்பு மாத்திரை வாங்குகிறாய். சீசாவில் ஒட்டிய மருந்துப் பெயர்ச் சீட்டைச் சுரண்டித் தரச் சொல்கிறாய். கம்பவுண்டர் நானும் சுரண்டித் தருகிறேன். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஆனால் ஒரு மாத மருந்து இப்போதெல்லாம் இருபது நாளில் எப்படித் தீர்கிறது? கூடுதலாக விழுங்குகிறாயா? வீட்டில் என்னவென்று சொல்லியிருக்கிறாய்?

தண்டாயுதபாணி

பூண்டி
8-2-1961

அன்புள்ள தண்டாயுதபாணிக்கு,

பழையதை இன்னும் மறக்கவில்லையா? பங்குனியில் என் மகள் லீலாவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீடு எதிர்வீடு. என் வலிப்பு தெரிந்தால் நின்றுபோகும். பெண்டாட்டி தமயந்தியிடமே சத்து மாத்திரை என்றுதான் சொல்லியிருக்கிறேன். சீசா சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. தினம் ஒன்றுதான் போடுகிறேன். குறைவது எனக்கும் விளங்கவில்லை. எலி தின்னுமா?

லீலா விடிந்தும் எழுவதில்லை. நேற்று குடத்தோடு தள்ளாடினாள். "ஏண்டி, கல்யாணத்துக்கு முந்தியே இம்புட்டுச் சொகுசா?" என்றாள் தமயந்தி. "தலை கிறுகிறுங்குதும்மா" என்கிறாள். எங்களுக்குச் சிரிப்புத்தான்.

பூண்டு மூட்டைகளோடு பழனிக்குப் போகிறேன். ஒரு வாரம் அங்கே கந்தவேல் மண்டி விலாசத்துக்கு எழுது.

ஞானவேல்

கோடைக்கானல்
10-2-1961

ஞானவேல்,

எலி இல்லை. லீலாவின் தூக்கமும் தள்ளாட்டமும் அந்த வலிப்பு மாத்திரை செய்கிற வேலை. கல்யாணப் பெண் தெம்பாகட்டும் என்று தமயந்தி உன் 'சத்து மாத்திரை'யை லீலாவுக்குக் கொடுக்கிறாள். அளவு கூடினால் மூச்சே அடங்கிப்போகும்.

சுரண்டியது என் கை. அதனால் தமயந்திக்கும் ஒரு கார்டு எழுதியிருக்கிறேன்: "அந்தச் சீசா மாத்திரை உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அளந்தது. லீலாவுக்கு இனி ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். இன்றே சீசாவோடு அவளை டாக்டரிடம் காட்டுங்கள்." நோயின் பெயரை எழுதவில்லை.

உன் வீட்டுப் பெண்களுக்கு வாசிக்கத் தெரியாது; பள்ளிக்கூடம் எதற்கு என்றவன் நீதானே. கார்டை டீக்கடை மயில்சாமிதான் ஊர் கேட்க வாசிப்பான். நானே நேரில் போனாலும், கார்டில் என் பெயர் இருந்தாலும், எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை என்று எதிர்வீடு தோண்டிவிடும். ஒரு கையெழுத்துப் போட்டால் லீலா கல்யாணமும் நிற்கும், என் பதினோரு வருஷ வயிற்றெரிச்சல் தீரும். பேனாவைத் திறந்தும் விட்டேன்.

நீ மாத்திரையை நிறுத்திவிடாதே. தமயந்தியிடம் உண்மையைச் சொல்.

தண்டாயுதபாணி

பி.கு.: விசாலாட்சி கார்டை எடுத்து, யாருக்கு என்று பார்த்தாள். இரண்டு முறை வாசித்தாள். "பேரு போடலியாண்ணே?" என்றாள். பேனாவை மூடிவிட்டேன். கார்டைக் கையெழுத்தில்லாமல் அப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன்.