திருவிழாவுக்கு முதுகு காட்டுபவர்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். தீவு தீவாகப் போய்ப் பயணிகளுக்குத் திருவிழா காட்டுகிற மனிதருக்கு நலத்தில் என்ன குறை? போன மாதம் பட்டம் விடும் விழா, இந்த மாதம் படகுப் போட்டி, அடுத்தது முகமூடி ஊர்வலம். ஊருக்கெல்லாம் வழிகாட்டி, வீட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. போனில் கூப்பிட்டால், "ஒரே மேளச் சத்தம்மா, அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் எந்த நாட்டுக் காலண்டரில் வருகிறது?

அம்மா இறந்த பிறகு நீங்கள் வீட்டில் இருந்தது ஒரே வாரம். மாதக் கடைசியில் மாமா வந்து என்னைத் தன் ஊருக்கே அழைத்துப் போகிறாராம். "சின்னப் பொண்ணு எத்தனை நாள் தனியா இருப்பா? அவங்கப்பா வந்துட்டா விட்டுடறேன்" என்கிறார். வந்துவிடுங்கள். டீ நான் போடுகிறேன். குடிக்கிற மாதிரியே இருக்கும், சத்தியம்.

உங்கள் வாலு

பி.கு: இதற்கு முன் எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் ஆபீஸ் அக்கா, "வாடிக்கையாளர் லெட்டர்னா உங்கப்பா அன்னிக்கே பதில் போட்டுடுவாரே" என்றார். அப்படியா சேதி!

ஜூன் 10

மதிப்பிற்குரிய பயண வழிகாட்டி அவர்களுக்கு,

நான் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வயது அறுபத்தெட்டு. மீசை உண்டு. நாற்பது வருடம் ஊராரை வாயைத் திறக்க வைத்தே பிழைத்தவன்.

என் மனைவி காலமாகிவிட்டாள். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அவள் உட்கார்ந்த நாற்காலி என்னைப் பார்த்து முறைக்கிறது. தங்கள் குழுவோடு வந்து திருவிழா பார்க்க ஆசை. ஒரே இடைஞ்சல், பதினைந்து வயதில் ஒரு மகள். கொஞ்சம் குறும்பு, மற்றபடி தங்கம். அவளை மாமன் வீட்டில் தள்ளிவிட்டு வரலாமா?

இப்படிக்கு,
பல் டாக்டர்

ஜூன் 16

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். துக்கத்தோடு வருகிறவர்களுக்கு நான் ஆற்றுவிளக்கு விழாவைத்தான் சொல்வேன். இறந்தவரை நினைத்து ஆளுக்கொரு காகிதப் படகில் விளக்கேற்றி விடுவார்கள். கரையெல்லாம் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்வரிசைக்கு முண்டியடிக்காமல் பாலத்துக்குக் கீழே நின்றால், எல்லா விளக்கும் நம்மைத் தாண்டித்தான் போகும்.

ஆனால் ஐயா, மகளை விட்டுவிட்டு வராதீர்கள். அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் வாணவேடிக்கையைப் பார்க்கும்போது அவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தங்களுக்கு நான் இடம் பதிவு செய்யவில்லை.

பணிவுடன்,
வழிகாட்டி

ஜூன் 21

அப்பா! மாட்டிக்கொண்டீர்களா!

டாக்டர் நான்தான். டாக்டருக்குச் சொன்னது உங்களுக்கும்தானே? கிளம்புங்கள். மாமா முப்பதாம் தேதி வருகிறார், அதற்கு முதல் நாள் வந்தால்கூடப் போதும். "பெட்டியில துணிய எடுத்து வையேன்டி" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி கத்துகிறார். "அப்பா வந்துடுவார் ஆன்ட்டி, வீணா மடிச்சு வெச்சு மறுபடி பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

நாற்காலி முறைக்கிறது என்று எழுதியது மட்டும் டாக்டர் இல்லை. நான். இரண்டு பேர் இருந்தால் அதைத் திருப்பி முறைக்கலாம்.

வாலு

ஜூன் 26

வாலு,

எனக்கு முதலிலேயே தெரியும். 'மீசை உண்டு' என்று எந்த மீசைக்காரனும் எழுத மாட்டான். தெரிந்துதான் பதில் போட்டேன். டாக்டரிடம் பேச வருகிறது, உன்னிடம் வரவில்லை.

நான் திருவிழா பார்ப்பதாக நினைக்கிறாய். ஊர்வலம் வரும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் குழுவின் முகங்களைப் பார்த்து நிற்பதுதான் என் வேலை. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதே. இத்தனை வருடத்தில் ஒரு வாணவேடிக்கையைக்கூட நேராகப் பார்த்ததில்லை. யாருடைய மூக்குக்கண்ணாடியிலாவது மின்னினால் உண்டு. இப்போது எனக்கு அது வசதியாக இருக்கிறது. நம் வீட்டில் நான் எதற்கு முதுகு காட்டுவேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் அம்மா. உன் முகத்திலும் அவள்தான்.

மாமாவோடு போ. அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன். எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா

ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மாமா வந்த அன்று காலையில் கிடைத்தது. துணியை மடிக்காமல் அப்படியே அள்ளிப் போட்டேன். சாவி ஆன்ட்டியிடம் இருக்கிறது.

இங்கே கண்ணாடியில் என்னை வெகுநேரம் பார்த்தேன். கண் அம்மாவுடையதுதான். மூக்கும் முன்பல் இடைவெளியும் உங்களுடையவை. "அச்சு அசல் உங்கப்பன்" என்று மாமாகூடச் சொல்கிறார். நேராகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்று மாமாவின் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். உங்களைப் போலத் துரத்துவார் என்று வாசல் பக்கம் ஓடத் தயாராக நின்றேன். ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார், முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார்.

டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

உங்கள் மகள்