சிற்றம்பலத்தின் தியானம்

கடுகண்ணாவை
1936 ஆவணி

அன்பு மகள் தையல்நாயகிக்கு ஐயா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் ஈப்போவில் நோய்நொடியின்றி இருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதத் தொடங்கினேன், கை ஓடவில்லை. மருமகன் தியானம் பழகுகிறார், அது நல்லதுதானா என்று கேட்டிருந்தாய். உன் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்லாமல் அதற்கு நான் எப்படி மறுமொழி எழுதுவேன்.

போன வருடம் கலகெதரவில் மலேரியாக் காய்ச்சலில் அவன் மகள் நாகேசு போன பிறகு சிற்றம்பலத்துக்கு நித்திரை இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும்போதே பேச்சு நின்றுவிடும், வீட்டில் உன் அண்ணி பாக்கியத்தோடு எந்நேரமும் எரிச்சல். அப்போது கண்டிக் கோயில் மடத்தில் தங்கியிருந்த ஒரு சாமியார்தான் விடியற்காலையில் அவனை அருகில் இருத்தி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கப் பழக்கினார். பொய் சொல்லக் கூடாது மகள், அதனால்தான் அவன் தேறினான். நித்திரை வந்தது, சோறு இறங்கியது, பாக்கியத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது மடியில் வைத்துச் சிரித்தான். கொஞ்ச நேரம் இருந்தால் போதும், மனம் கலங்கினால் எழும்பிப் போய் நாலு பேரோடு பேசிக் கதை என்று சொல்லிவிட்டுச் சாமியார் வடக்கே போய்விட்டார்.

அவர் போன பிறகு ஒருநாள் கண்ணை மூடி இருக்கையில் வாசற்பக்கம் நாகேசுவின் காற்சதங்கை கேட்டதாம். அன்றிலிருந்து எழும்ப மனமில்லை. பள்ளிக்கூடம் போகாமல், சாப்பாடு தொடாமல் பகல் முழுக்க அப்படியே இருந்தான். தவழ்கிற பிள்ளை முழங்காலைப் பிடித்து இழுத்தபோது கண் திறக்காமலே தள்ளிவிட்டான், பிள்ளையின் நெற்றி கதவுநிலையில் அடிபட்டு இரத்தம் வந்தது. அது வீரிட்டு அழுதும் அவன் கண் திறக்கவில்லை. பாக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குத் தாய்வீடு போய்விட்டாள். நான் போய் அழைத்தேன், வரமாட்டேன் என்றாள், அவளில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அவனை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். தியானத்தால் வந்த நோய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஆற்றாத துக்கத்தோடு, ஊணும் உறக்கமும் விட்டுத் தனியே இருந்தது மூளையைக் கலக்கிவிட்டது, இனி கண்ணை மூடி இருக்க விடாதீர்கள் என்றார் கண்டி டாக்டர். இருக்க விடாமல் தடுத்தால் பழையபடி நித்திரை இல்லை, உடம்பு நடுங்குகிறது. விட்டால் ஆளே எங்களிடம் இல்லை. நேற்று அம்மா தோளைத் தொட்டு எழுப்பினாள். “அவள் வாசலில நிக்கிறாள் அம்மா, நான் கண்ணைத் திறந்தால் போயிடுவாள்,” என்றான். அம்மா குசினிக்குள் போய் அடுப்பின்முன் இருந்துவிட்டாள்.

மருமகனைத் தடுக்காதே, ஆனால் பழக்கியவர் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் போதும், வேளைக்குச் சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் கூப்பிட்டால் எழும்புகிற மாதிரி இருக்கச் சொல். எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இன்று காலை அம்மா கோயிலுக்குப் போன நேரம் அவன் பக்கத்தில் நானும் கண்ணை மூடி இருந்து பார்த்தேன், பேத்தியின் சதங்கை எனக்கும் ஒருதரம் கேட்காதா என்று. கணவாய் ஏறுகிற சாமான் ரயிலின் இரைச்சல்தான் கேட்டது.

முருகன் உங்கள் எல்லோருக்கும் துணையிருப்பான். மறுமொழியில் இதைப் பற்றி எழுதாதே, உன் கடிதங்களை அம்மா அவனுக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

இப்படிக்கு
உன் ஐயா
மயில்வாகனம்