அர்ஷாத்தின் வலது காது

கல்முனைக்குடி,
வெள்ளி மாலை.

அன்பு மகள் நிப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். போனில் கதைக்க முடியவில்லை, உன் புருஷன் அர்ஷாத் அடுத்த அறையில் இருக்கிறார். ஆகவே எழுதி, நீ இருக்கும் டோஹாவுக்குத் திரும்பும் மீராசாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அர்ஷாத் நமது படகில் கடலுக்குப் போவதை நிறுத்தியதும், காதி நீதிமன்றத்தில் விவாகப் பிரிவு கேட்டு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாய். எனக்கும் அவர்மீது சந்தேகம்தான். எஞ்சினை நிறுத்தினால் ஆள் நன்றாக வலை இழுப்பார். எஞ்சின் ஓடினால் தலை சுற்றுகிறது என்று குந்திவிடுவார். அலைக்கு வராத மயக்கம் சத்தத்துக்கு வருமா? பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கிக்கு எட்ட விலகிப்போய் நிற்கிறார். கண்ணைத் திருப்பினால் அதுவும் காதுக்குள் கேட்கிறதாம். மருமகனுக்குக் கண் திரும்புறது கேக்கும், மாமா கூப்பிடுறது மட்டும் கேக்காது என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொய்யைப் பிடிக்கலாம் என்றுதான் கொழும்புக்குக் கூடப் போனேன். காது டொக்டர் ஒரு சோதனைக்கு அனுப்பினார். காதில் சத்தம் கொடுத்து, உட்காதின் சமநிலை சரியா என்று பார்ப்பது. அர்ஷாத்தைப் படுக்கவைத்து, கழுத்தில் வயர் ஒட்டி, தலையைத் தூக்கித் திருப்பிப் பிடிக்கச் சொன்னார்கள். சோதனை செய்த பிள்ளை தமிழ் கதைத்தது. இவர் நடிப்பார், பார்த்துச் செய்யுங்கள் என்று மெல்லச் சொன்னேன். அவர் சொல்ற பதில் இல்ல ஐயா, கழுத்துத் தசை தானாக் குடுக்கிற பதில் என்றது அந்தப் பிள்ளை.

இடது காதுக்குப் பெரிய சத்தம் கொடுத்தால்தான் திரையில் கோடு எழும்பியது. நல்ல காதுக்கு அப்படித்தான் வருமாம். வலது காதுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள், கோடு எழும்பிக்கொண்டே இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை செய்யச் சொன்னேன். அதே கோடுதான். வலது காதின் சமநிலைக் குழாயை மூடிய எலும்பில் ஓட்டை இருக்கலாம், அதனால் பெரிய சத்தம் குழாயை அசைத்துத் தலையைச் சுற்ற வைக்கிறது என்றார் டொக்டர். ஸ்கேன் எடுக்கவேண்டும். ஒப்பரேஷனும் வரலாம்.

பஸ்ஸில் வரும்போது காதைப் பொத்திக்கொண்டு அர்ஷாத் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மாமா, நிப்லாக்கு நீங்க சொல்லுவீங்களா, நான் சொன்னா நம்பமாட்டா என்று.

என் மனம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஸ்கேனையும் நேரில் பார்ப்பேன். அதுவரை விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்காதே, மகள். இதைப் படித்ததும் அவருக்குப் போன் எடு. போன முறை நீ கத்தியது குசினியில் சமைத்த உம்மாவுக்கும் கேட்டது. இந்த முறை மெல்லக் கதை.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பொறுமையைத் தரட்டும்.

துஆவுடன்,
வாப்பா காலிதீன்