பூட்டுக்காரர் பஸ் ஏறிவிட்டார்

786

பெரிய கடைவீதி,
திருச்சி.
7-11-1961, செவ்வாய்.

அன்புள்ள மச்சானுக்கு ரோஷன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மாமா, மாமி, நம் குட்டி ரஷீதா, நான் எல்லோரும் சுகம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். வந்து பார்க்கவா முடிகிறது?

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் தியாகராய நகரில் ஒரு படக் கம்பெனிக்குப் போய்க் கதை சொல்ல வேண்டும். ஆமாம், உங்கள் கதைதான், பூட்டுக்காரர் கதை. முதலாளியே வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கதையின் முடிவை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கோபம் வந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கே ஐப்பசி மழை பிய்த்து உதறுகிறது. மழை வந்தால் ஊரே முகத்தைச் சுளிக்கும், குடைக் கடைக்காரர் வீட்டில் மட்டும் பிரியாணி வாசனை வரும் என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதே கதைதான். கடைச் சிப்பந்தி பரக்கத் அலி ஒரு ஆளாகக் கடையைச் சமாளிக்க முடியாமல் திண்டாடுகிறார். மாமா கல்லாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை. போன பெருநாளில் நீங்கள் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா, அடுத்த நோன்புப் பெருநாளுக்குள் சொந்தமாக ஒரு படம் கிடைக்காவிட்டால் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று. அதை நீங்கள் மறந்திருந்தாலும் அவர் மறக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு புது ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். தினமும் காலையில் தன் கையாலேயே துடைக்கிறார். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. நீங்கள் ஊரோடு வந்துவிட்டால் எனக்கு ஆசைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மச்சானை என்னால் பார்க்க முடியாது. ஆறு வருஷம் கிளாப் அடித்து, கன்டினியூட்டி எழுதி, வெயிலில் காய்ந்து கற்றுக்கொண்டது குடைக்குக் கம்பி மாட்டவா?

சரி, நேற்று நடந்ததற்கு வருகிறேன். மத்தியானம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு பெரிய கார் சரியாக நம் கடை வாசலில் வந்து நின்றுபோய்விட்டது. டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போனார். காரில் இருந்த வயதான கணவனும் மனைவியும் இறங்கிக் கடைக்குள் வந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு மதராசுக்குத் திரும்புகிறவர்கள். நெற்றியில் இட்டிருந்த திருமண் மழையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது பாவம். மாமா அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாவைத் திரைக்குப் பின்னால் வீட்டுக்குள் அனுப்பினார். மாமி துண்டு எடுத்துக் கொடுத்து, மாற்றுப் புடவையும் கொடுத்து, டீ போட்டார்கள்.

அந்த அம்மா பெயர் அமிர்தம். ரொம்பப் பழகின மாதிரி பேசுகிறவர்கள். சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்தார்கள், கையில் கிளாப் பலகையோடு நீங்கள் நிற்பீர்களே, அது. யார் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர், மதராசில் சினிமாவில் உதவி டைரக்டர் என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, வெளியில உக்காந்திருக்காரே எங்க வீட்டுக்காரர், அவரும் அந்தத் தொழில்தாம்மா" என்றார்கள். அழகியநம்பி முதலியார் என்று பெயராம். இரண்டு படம் எடுத்திருக்கிறாராம், மூன்றாவதுக்குக் கதை தேடிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் கம்பெனி கம்பெனியாய் ஏறி இறங்கி, வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போக முடியாமல் திரும்புகிறீர்கள். இங்கே ஒரு முதலாளி நம் கடையில் உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

என் வீட்டுக்காரரிடம் நல்ல கதை ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே குரல் கொடுத்தார்கள். அவர் சலித்துக்கொண்டார். "போற ஊர்லயெல்லாம் யாராச்சும் ஒரு கதை வச்சிருக்காங்க அமிர்தம், கோயில்ல கூட விட மாட்டேங்கறாங்க" என்றார். எனக்கு அதைவிட மாமாவை நினைத்துத்தான் பயம். சினிமா என்ற பேச்சே கடையில் எடுக்கக் கூடாது என்று வைத்திருப்பவர் அல்லவா? மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் மதராசில் இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். திரை இடுக்கில் பார்த்தேன். ஒரு குடைக்கு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "மழை விட நேரமாகும்" என்று மட்டும் சொன்னார். முதலியாரிடம் சொன்னாரோ, குடையிடம் சொன்னாரோ! நான் அதை எனக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அமிர்தம் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். மொட்டை மாடியில் நீங்கள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நடுவில் நிறுத்தி, தூங்கிவிட்டாயா என்று கேட்பீர்கள். தூங்கவில்லை மச்சான், ஒரு வார்த்தை விடாமல் எனக்குள் இருந்திருக்கிறது. திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற ஒரு மனுஷர். மகன் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். சண்டை வருகிறது, மகன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் பூட்டு செய்து கொடுக்கிற அந்த மனுஷர் தன் வீட்டு வாசலை மட்டும் பூட்டுவதே இல்லை. ஏன் என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. நீங்கள் எங்கே குரலைத் தாழ்த்துவீர்களோ அங்கே நானும் தாழ்த்தினேன். எங்கே செருமுவீர்களோ அங்கே செருமினேன். திருடன் உள்ளே வருகிற கட்டத்தில், வா தம்பி, சாப்பிட்டாயா என்று பூட்டுக்காரர் அவனைக் கேட்பாரே, அதில் முதலியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மழைக்கு ஒதுங்கியிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். பரக்கத் அலி வியாபாரத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நடுவில் மாமி, அந்தப் பூட்டுக்காரனுக்குப் பொண்டாட்டியே கிடையாதா, பெத்தவள் எங்கே போனாள் என்று கேட்டார்கள். கதையில் தாய் இல்லாதது பற்றி மாமிக்கு நீங்களே வந்து பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தச் சமயம் பார்த்துக் கடைப் பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது. எல்லாருக்கும் டீ கொண்டுவா என்றார். இன்டர்வெல் விட்டது நானில்லை, உங்கள் அத்தாதான்.

பிறகு முடிவு வந்தது.

முக்கொம்பில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரிக்காமலே, ஆறு பிரிகிற இடத்தைப் பார்த்து ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோமே. மகன் பெரிய பாடகனாகித் திரும்பி வருகிறான், கதவைத் தள்ளினால் திறந்துகொள்கிறது, உள்ளே யாரும் இல்லை, அப்பா செத்து மாதக்கணக்காகிறது. அதுதான் உங்கள் முடிவு. அந்தத் திறந்த கதவுதான் படம் என்றீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். உனக்கு சினிமா தெரியாது என்றீர்கள். தெரியாதுதான்.

நேற்றும் உங்கள் முடிவைத்தான் சொல்ல இருந்தேன். சத்தியமாக. மகன் கதவுப் பக்கம் வருகிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு நொடி நிறுத்தினேன். அப்போது கடையிலிருந்து, "அப்பறம்?" என்று ஒரு குரல். முதலியார் இல்லை. மாமா. திரை இடுக்கில் பார்த்தால், கையில் குடையைப் பாதி விரித்தபடி பிடித்துக்கொண்டு உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். விரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. கண் கலங்கியிருந்தது. இந்த ஆறு வருஷத்தில் உங்களைப் பற்றி ஒரு நாளும் அப்பறம் என்று கேட்காதவர், மச்சான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த மனுஷர் செத்துப்போய்விட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்?

என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். மகன் வருவதற்கு முன்னாலேயே பூட்டுக்காரருக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டினார். பட்டறையில் இருந்ததிலேயே நல்ல பூட்டாக ஒன்றை எடுத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாசலைப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டு, மகனைத் தேடி பஸ் ஏறிவிட்டார். அவ்வளவுதான் என்றேன்.

அமிர்தம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலியார், கதை சொல்ல வருகிறவர்கள் எல்லாம் கையை ஆட்டி, அழுது, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வார்களாம், சொல்கிற ஆளின் முகம் தெரியாமல் ஒரு கதையைக் கேட்டது இன்றுதான் என்றார். அந்தப் பூட்டைப் பூட்டுகிற இடம் தூக்கிவிட்டதம்மா, சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரரை வரச் சொல், இதே கதையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றார். விலாசச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கார் சரியானதும், மாமா ஆளுக்கொரு குடை கொடுத்துத்தான் அனுப்பினார்.

இப்போது புரிகிறதா? நீங்கள் போய் அந்தத் திறந்த கதவைச் சொன்னால் முதலியார் முழிப்பார். அந்த முடிவும் நல்ல முடிவுதான், அழுகிறவர்கள் அழுவார்கள். ஆனால் அவர் கேட்டது பஸ் ஏறிய பூட்டுக்காரரை. தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். அத்தாவைக் கொல்லாதீர்கள் என்று எழுதி நீட்டினால் தபாலாபீசில் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மாமா கதையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. கை கழுவும்போது மட்டும் மாமியிடம், "இவன் திண்டுக்கல்லுக்கு எப்பப் போனான்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பூட்டுக்காரர் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குப் படம் வந்து, அதில் பூட்டுக்காரர் செத்துக் கிடந்தால், மகன் தன்னை என்னவென்று நினைத்து எழுதினான் என்று மாமாவுக்குத் தெரிந்துபோகும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இன்றைய தபால் போய்விட்டது. நாளை காலை முதல் தபாலில் சேர்த்துவிடுவேன்.

8-11-1961, புதன் காலை.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை மறுபடி எடுத்து எழுதுகிறேன். மாமா சுபுஹு தொழுதுவிட்டு வந்தார். என் கையில் கவரைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்த ஆளு பஸ் ஏறுனது நீயாச் சொன்னதுதானே?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "அவன் சொல்லியிருந்தா அந்த ஆளு மவுத்தாயிருப்பான். சின்ன வயசுல குடைக் கம்பிய எடுத்துக்கிட்டுக் கத்திச் சண்டை போடுவான். தெருப் பிள்ளைக அத்தனையையும் கொன்னுட்டுத்தான் சோறு திங்க உள்ள வருவான். எனக்குத் தெரியாதா அவன?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், மச்சான். உங்களைப் பற்றிப் பேசி மாமா சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொன்னாத்தான் படம் நல்லாருக்கும்னா கொல்லட்டும்னு எழுது. அவன் தொழில் அவனுக்குத் தெரியும். நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, உக்காந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

தொழில் என்றார். நீங்கள் செய்வதை அந்த வார்த்தையால் மாமா சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கடையில் இப்போது உங்கள் ஸ்டூலில் ரஷீதா ஏறி உட்கார்ந்து, சிலேட்டைத் தட்டி வாடிக்கையாளரை எல்லாம் "கட், கட்" என்கிறாள். மாமா இறங்கச் சொல்லவே இல்லை.

வெள்ளை ஜிப்பாவை இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும்போது செருமாதீர்கள், எனக்கே அது நன்றாக இல்லை. அல்லாஹ் உங்கள் நாவில் பரக்கத் வைப்பான். கொல்ல அனுமதி கிடைத்துவிட்டதென்று மட்டும் கொன்றுவிடாதீர்கள், மச்சான். அந்த மனுஷர் வாசலைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பத்திரமாக மகனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ரோஷன் பேகம்.