ரங்கூன் நோட்டின் மறுபாதி

பாளையங்கோட்டை,
1908 மார்ச்சு 18, புதன்கிழமை.

ரங்கூனில் இருக்கும் என் பிரிய அத்தானுக்கு, பியூலா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நானும் பிள்ளை சாலோமியும் இங்கே இருக்கிறோம். சுகமாயிருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஐந்து நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அன்றே உட்கார்ந்திருந்தால் ஒரு பெண்சாதி புருஷனுக்கு எழுதக்கூடாததையெல்லாம் எழுதியிருப்பேன். நாள் போனால் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

தபால்காரர் கொடுத்த உறை கனமாக இருந்தது. நூறு ரூபாய் நோட்டின் மறுபாதி வந்துவிட்டது என்று அவர் முன்னாலேயே பிரித்தேன். பிரிக்கும் முன்பே சாலோமியைத் தூக்கி, நாளைக்கு நாம் ரயில் ஏறப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே மூன்று தாள் கடிதம். நோட்டு இல்லை. உறையை உதறிப் பார்த்தேன். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

நீங்கள் எழுதியதை நீங்களே மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம். முதல் பாதியை எனக்கு அனுப்பிய பிறகு உங்கள் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினீர்களாம். அந்த நோட்டு பழைய அச்சாம், அந்தக் கையெழுத்துப் போட்ட நோட்டு இனிமேல் கண்ணில் படாதாம். அதனால் என்னிடமுள்ள பாதியை நான் உடனே திருப்பி அனுப்ப வேண்டும், இரண்டையும் ஒட்டி, ஊருக்கு வரும்போது இங்கே என்னிடமுள்ள உங்கள் பழைய நோட்டு ஆல்பத்தில் வைப்பீர்கள், வேறு பணம் இரண்டு மாதத்தில் அனுப்புவீர்கள். “காலேஜில் எஃப்.ஏ. வரைக்கும் படித்தவள், இதன் அருமை உனக்குப் புரியும்” என்று வேறு. பிள்ளையின் கண்ணைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி: மருந்து விட்டு வா.

நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி கிடைத்தது என்று பதில் வந்தபின் மறுபாதியை அனுப்புவது ரங்கூனிலுள்ள நம் ஊர்க்காரர் எல்லாரும் செய்கிற காரியம்தான். வழியில் திருடுகிறவனுக்குப் பாதி நோட்டால் பிரயோசனமில்லை. மணியார்டருக்கு ஒரு ரூபாய் கூலி எதற்கு என்று நீங்களும் அப்படியே அனுப்புவீர்கள். நானும் எத்தனை நோட்டை அரிசிப் பசை தொட்டு, வெட்டு தெரியாமல் ஒட்டியிருக்கிறேன்! திருடனுக்குப் பயந்து செய்த ஏற்பாட்டில், அனுப்புகிறவரே மறுபாதியைப் பிடித்து வைத்துக்கொள்வார் என்று யார் கண்டது? ஒரு ரூபாய் கூலி கொடுத்திருந்தால் இந்நேரம் சென்னையில் இருப்பேன்.

முன்பே எழுதினேன். மறுபடியும் எழுதுகிறேன், நின்று வாசியுங்கள். சாலோமியின் இடது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. அதை நான் கண்டுபிடித்ததே உங்கள் ஆல்பத்தை வைத்துத்தான். பீக்கிங் சண்டைக்குப் போய்வந்த சிப்பாயிடம் வாங்கினீர்களே, ஸ்லேட்டைவிடப் பெரிய சீன நோட்டு, மரப்பட்டையில் செய்த சாம்பல் நிறக் காகிதம், அதன் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் நாகத்தை அவள் பாம்பு என்பாள். “அம்மா, அப்பா பாம்பைக் காட்டு” என்று தினம் கேட்பாள். ஒருநாள் விளையாட்டாக அவள் வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். “பாம்பு ஓடிப் போச்சும்மா” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் அத்தான். மறுபடி மூடிக் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

மிஷன் ஆஸ்பத்திரி துரைசானி டாக்டர் பார்த்துவிட்டு, சின்ன வயதிலேயே கீறி எடுத்தால் பார்வை வரும், தள்ளிப்போட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும் என்றார். ஈஸ்டருக்குள் சென்னைக்குக் கொண்டுபோ என்று அங்கிருக்கும் கண் டாக்டருக்குக் கடிதமும் கொடுத்தார். ஈஸ்டர் ஏப்ரல் பத்தொன்பது. உங்கள் இரண்டு மாதம் எந்தக் காலண்டரில் வருகிறது?

நான் சும்மா இருக்கவில்லை. லேஸ் பின்னிச் சேர்த்தது ரயிலுக்குக் காணும், அங்கே தங்கி வைத்தியம் பார்க்கக் காணாது. என் சங்கிலி நீங்கள் கப்பலேறிய அன்றே வட்டிக்கடைக்குப் போயிற்று. சாத்தான்குளத்திலிருந்து மாமா வந்திருந்தார்கள். கேட்டேன். ஐம்பது வருஷம் சபையில் உபதேசியாராக இருந்த மனிதர், உங்களைப் பெற்றவர், சாலோமி பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்கள்: “பொட்டப்பிள்ளைக்கு ஒத்தக் கண்ணு போதாதா? சென்னைக்கு ஓடணுமாக்கும்! காலேஜுக்குப் போன பிள்ளைக்கு விசுவாசம் எங்கன இருக்கும்?” சோறு போட்டேன். இரண்டாம் தரம் ரசம் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

பிறகு மேலப்பாளையம் போனேன். பீர் மைதீன் அண்ணாச்சி உங்களுக்குத் தெரிந்தவர்தான். தம்பி ரங்கூனில் கடை வைத்திருப்பதால் ரங்கூன் நோட்டை இங்கே மாற்றித் தருகிற ஜவுளிக்கடைக்காரர். பாதியை நீட்டினேன். “என்னம்மா இது, பாதி வேட்டிய அளந்து குடுத்தா நீங்க வாங்குவியளா?” என்று சிரித்தார். சீன நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன், வெட்கத்தை விட்டு அதையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ராசா செத்து எத்தனை தலைமுறை ஆச்சோ! இதைக் கொண்டுபோனா சீனாக்காரன்கூட ஒரு முறுக்குத் தரமாட்டாம்மா.” அதற்குள் சாலோமி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அவர் கடைத் துணியைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. “சரக்கெல்லாம் கடன்ல நிக்குது, இல்லன்னா நானே தந்திருப்பேன். மத்தப் பாதி வந்த அன்னைக்கு நேரங்காலம் பாக்காதிய, கடை பூட்டியிருந்தா வீட்டுக் கதவைத் தட்டுங்க” என்றார். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

அருமை புரியும் என்று எழுதினீர்களே. புரிகிறது. கலியாணமான புதிதில் ஜப்பான் நோட்டையும் சயாம் நோட்டையும் விரித்துவைத்து, எந்த யுத்தத்தில் அச்சடித்தது, எந்த ராஜா காலத்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்காத புருஷன் எனக்குக் கிடைத்தான் என்று பூரித்துப் போனவள்தான் நான். உங்கள் ஆல்பத்தில் ஒரு பூச்சி ஏறவிட்டதில்லை. ஆனால் காசுக்குப் பதில் காகிதத்தை ஜனங்கள் ஏன் வாங்கினார்கள் அத்தான்? அதில் ஒரு வாக்கு இருந்ததால்தானே? என் பாதியில் ‘கொடுப்பதாக வாக்களிக்கிறேன்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. யாருக்கு, எப்போது என்பது உங்கள் பாதியில் இருக்கிறது. எடுத்து வாசியுங்கள்.

இப்போது உறையைக் கவனியுங்கள். நீங்கள் கேட்ட ரங்கூன் பாதி இதில் இல்லை. இருப்பது உங்கள் சீன நோட்டின் ஒரு பாதி. லேஸ் கத்தரியால் நேற்றுப் பகலில் வெட்டினேன். அதில் வரைந்திருக்கும், ஓட்டைக்காசு கோத்த பத்துச் சரங்களில் ஐந்து உங்களுக்கு வருகிறது, ஐந்து என்னிடம். நாகத்தின் தலை என்னிடம் இருக்கிறது. ஐந்நூறு வருஷம் தப்பித்து வந்த காகிதத்தை வெட்ட மனம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. கள்ள நோட்டு அடித்தவன் தலையை வாங்குவோம் என்று அதில் எழுதியிருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். பாதியைப் பிடித்துவைப்பவனுக்கு என்ன தண்டனை என்று அந்த ராஜா எழுதாமல் விட்டுவிட்டார்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பாதி கிடைத்ததென்று எழுத வேண்டாம். ரங்கூன் நோட்டின் மறுபாதியை அனுப்பிவிடுங்கள். அதுதான் பதில். முதல் கப்பலில் போட்டால் ஏப்ரல் எட்டாம் தேதிக்குள் வந்துவிடும். அது வந்த அன்றே நாகத்தின் தலை ரிஜிஸ்டர் தபாலில் உங்களுக்குப் புறப்படும், நாங்கள் சென்னைக்குப் புறப்படுவோம். வராவிட்டால் கத்தரி இங்கேயே இருக்கிறது, ஆல்பமும் இங்கேயே இருக்கிறது.

காகிதத்தை ஒட்ட எனக்குத் தெரியும் அத்தான். நீங்கள் வந்தபின் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டின இடம் தெரியாமல் ஒட்டித் தருவேன். ஒட்ட முடியாததையும் என் கையால் வெட்ட வைத்துவிடாதீர்கள்.

இன்று காலையில் சாலோமி பாம்பு எங்கே என்று கேட்டாள். அப்பாவிடம் பாதி போகிறது, திரும்பி வரும் என்று சொல்லியிருக்கிறேன். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் கண்கள் இரண்டையும் காப்பாராக.

உங்கள்,
பியூலா.