தங்கத்துக்காக ஒரு கார்டு

உ
வேப்பஞ்சேரி
3-6-1974

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

நர்ஸ் பயிற்சி முடிந்து ஆறு வருஷத்தில் நீ எழுதியது மூன்றே கடிதம். மந்தைவெளியில் மை கிடைப்பதில்லையா? சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன், இப்போது அவசரம்.

இந்த ஊருக்கு நர்ஸாக வந்த நாளிலிருந்து எனக்குத் துணை தங்கம். கணவனை இழந்தவள், கூலி வேலை. சனிக்கிழமை நெல் மண்டிக்காரர் மகன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். தீட்டு என்று பெண்கள் அவள் புடவையை எரிக்கப் போனார்கள். நான்தான் பிடுங்கி வைத்திருக்கிறேன். டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் போலீஸ் புகார் எழுதாதாம். போலீஸ் பேப்பர் இல்லாமல் இங்குள்ள டாக்டர் பார்க்க மாட்டாராம். "அவன் பேரை எழுத வச்சிட்டுத்தான் ஓய்வேங்கா" என்கிறாள் தங்கம். உங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது பார்ப்பார்களா?

உன்,
ஜெயபாரதி

சேசு மரி சூசை
மந்தைவெளி
4-6-1974

ஜெயா,

கவர் வாங்க நேரமில்லை, அதனால் கார்டு. எங்கள் டாக்டர் குல்சும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். தங்கத்தை அவன் கெடுத்தபோது கட்டியிருந்த புடவையைத் துவைக்காமல் கொண்டு வரவும். வியாழக்கிழமை பரிசோதனை, தங்குவது என் வீட்டில்.

ஃப்ளோரன்ஸ்

வேப்பஞ்சேரி
6-6-1974

ஃப்ளோரன்ஸ்,

உன்னை என்ன செய்தால் தகும்? இங்கே போஸ்ட்மேன் கார்டை டீக்கடையில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நேற்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தங்கத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே கார்டோடு போனேன்.

அவள் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கார்டை வாங்கிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். பாதி ஊர் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்தது. ரைட்டர் மேஜையில் கார்டை வைத்து, "பேப்பர் பேப்பர்னு கேட்டியே, இதோ கீது. பட்டணத்து டாக்டரம்மா கூப்ட்டுகிறாங்க. ஊருக்கே தெரிஞ்சிபோச்சி, உனக்கு மட்டும் இன்னாத்துக்கு மறைக்கணும்? எழுதுய்யா" என்றாள்.

அத்தனை பேர் பார்க்க, அவர் எழுதினார் ஃப்ளோரன்ஸ்! ஆஸ்பத்திரிக்கும் கடிதம் கொடுத்தார்.

இங்கே ஒரு பிரசவம், என்னால் கிளம்ப முடியவில்லை. தனியாகவே போகிறேன் என்கிறாள். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வருகிறது.

ஜெயா

மந்தைவெளி
9-6-1974

என் ஜெயா,

மன்னித்துவிடு. பட்டணத்துப் புத்தி, கார்டை யார் படிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். தங்கத்திடமும் மன்னிப்புக் கேட்டேன்.

காயங்களை டாக்டரம்மா எழுதும்போது, "இன்னா எழுதினீங்கன்னு படிச்சிக் காட்டுங்கம்மா, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றாள். அழுதது நான்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் வார்டில் நின்றிருக்கிறேன், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

ஃப்ளோரன்ஸ்

வேப்பஞ்சேரி
18-11-1974

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

மழைக்கு என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மற்றபடி சுகம். வழக்கு மூன்றாவது வாய்தாவிலும் தள்ளிப்போயிற்று. அவன் ஜாமீனில் வந்து மண்டியில் உட்கார்ந்திருக்கிறான். தண்டனை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். சத்தியமாகத் தெரியாது. அவளுக்கும் தெரியும், கிடைக்காமல் போகலாம் என்று. ஆனாலும் ஒரு வாய்தா விடாமல் போகிறாள்.

தினமும் வேலைக்குக் கடைத்தெரு நடுவே நடக்கிறாள், தலை குனியாமல். மண்டிக்கு ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறவன் அவன்தான்.

உன்,
ஜெயா